அந்நியக் காதுக்கு ஓர் இசைத்தட்டு

ஜூல் வெர்ன் 1892இல் வெளியிட்ட கார்ப்பேத்திய மலைக்கோட்டை நாவலின் உச்சக்கட்டத்தில் சுடப்படும் குண்டு எந்த மனிதரையும் தொடுவதில்லை. ஒரு பெட்டியைத் தூளாக்குகிறது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிய கோர்ட்ஸ் பிரபு தன் உடலிலேயே குண்டு பாய்ந்ததுபோல அலறுகிறார்; நொறுங்கியது அவளுடைய ஆன்மா என்று கதறுகிறார். அவள் லா ஸ்டில்லா என்ற இத்தாலிய ஓப்பரா பாடகி. நேப்பிள்ஸ் நகர மேடையில் தன் கடைசி நிகழ்ச்சியின்போதே இறந்துபோனவள். அவள் குரலை ஒரு கண்டுபிடிப்பாளரின் கருவியால் முன்பே பதிவு செய்துவைத்திருந்த பிரபு, கண்ணாடிகளின் உதவியால் அவள் உருவத்தையும் உயிருள்ளதுபோல் நிற்கவைத்து, பாழடைந்த கோட்டையில் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எடிசன் 1877இல் போனோகிராபைச் செய்து அப்போது 15 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதற்குள் வெர்ன் ஒரு முக்கியமான விஷயத்தைப் பிடித்துவிட்டார். அந்தக் கோட்டையில் ஒரே பதிவை இருவர் கேட்கிறார்கள். பிரபுவுக்கு அது தன் உடைமை. அவளை மணக்கவிருந்த பிரான்ஸ் டெ டெலெக்குக்கோ, அவள் இன்னும் உயிரோடிருக்கிறாள் என்பதற்கான சாட்சி. பதிவில் எதுவும் மாறவில்லை. கேட்கிற காது மாறியதும் அது வேறு பொருளாகிவிடுகிறது.

அறிவியல் புனைகதைகளில் இசைத்தட்டும் அதன் முன்னோடியான மெழுகு உருளையும் ஏன் இத்தனை முறை திரும்பத் திரும்ப வருகின்றன என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஏக்கம் என்பதுதான். எதிர்காலத்தைக் காட்டும் படத்தில் சுழலும் கறுப்புத் தட்டு ஒன்றை வைத்தால் பார்வையாளருக்கு மனிதத்தன்மை நினைவுக்கு வரும், இழந்த காலம் கண்முன் நிற்கும் என்கிறார்கள். இந்தப் பதில் சில படைப்புகளுக்குப் பொருந்தும். ஆனால் தட்டு புத்தம் புதிய கருவியாக இருந்த காலத்திலேயே, ஏங்குவதற்குப் பழமை என்று எதுவும் அதற்கு இல்லாத நாளிலேயே, புனைகதை அதைப் பற்றிக்கொண்டதை இந்தப் பதிலால் விளக்க முடியாது. என் வாதம் வேறு. அறிவியல் புனைகதையின் அடிக்கேள்விகளில் ஒன்று, நம்மோடு மொழியையும் வழக்கத்தையும் வரலாற்றையும் பகிர்ந்துகொள்ளாத ஓர் அந்நியர் நம்மைப் புரிந்துகொள்ள முடியுமா என்பது. அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளாக மாற்றித் தந்தது இசைத்தட்டு. ஆகவே இந்தக் கதைகளில் தட்டில் உறைந்திருக்கும் குரல் மையமல்ல. அதைக் கேட்பவர்தான் மையம். தட்டு கேட்பவரைச் சோதிக்கிறது. அந்தச் சோதனையில் கிடைப்பது எது, தவறுவது எது என்பதை இந்தக் கதைகள் வியக்கத்தக்க ஒற்றுமையோடு காட்டியிருக்கின்றன.

வெர்னுக்கு ஆறு ஆண்டுகள் முன்னதாக, 1886இல், வில்லியே டெ லில்-ஆதாம் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 'எதிர்கால ஏவாள்' என்ற நாவலை நூலாக்கினார். உயிரோடிருந்த எடிசனையே அதில் கதாபாத்திரமாக்கினார். நாவலின் தொடக்கத்தில் அந்த எடிசன் தனியே அமர்ந்து, தன் கருவி காலம் தாழ்ந்து பிறந்ததே என்று வருந்துகிறார். உலக வரலாற்றின் மாபெரும் ஒலிகளெல்லாம் பதிவாகாமலே கரைந்துபோயின என்பது அவர் துயரம். பிறகு, அழகிருந்தும் உள்ளீடற்ற ஒருத்தியைக் காதலித்து மனம் நொந்த எவால்ட் பிரபுவுக்காக, அவளுடைய உருவிலேயே ஹதாலி என்ற இயந்திரப் பெண்ணைச் செய்து தருகிறார். ஹதாலியின் நெஞ்சுக்குள் நுரையீரல் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு தங்கப் போனோகிராபுகள் இருக்கின்றன. கவிஞர்களும் சிந்தனையாளர்களும் எழுதித்தந்த சொற்கள் அவற்றில் பதிந்துள்ளன. எவால்ட் கேட்கும் நியாயமான கேள்வி இது: முன்கூட்டியே பதிந்த விடை என் கேள்விக்கு எப்படிப் பொருந்தும்? பொருந்தும், ஏனென்றால் பொருத்தத்தை நீங்களே கொண்டுவருவீர்கள், காதலில் இருப்பவர் கேட்பதெல்லாம் தனக்கான விடையாகவே ஒலிக்கும் என்ற பொருளில் எடிசன் பதில் சொல்கிறார். இன்று கணினியோடு உரையாடும் நமக்கு இந்தப் பதிலின் கூர்மை இன்னும் நன்றாகவே உறைக்கும். பதிவின் பொருளில் பாதியைக் கேட்பவர்தான் எழுதுகிறார் என்பதை போனோகிராப் பிறந்து பத்தாண்டுகள்கூட ஆகாத நிலையில் ஒரு நாவல் சொல்லிவிட்டது.

பதிவுக் கருவிகளுள் தட்டுக்கு மட்டும் ஏன் இந்தத் தனியிடம்? அதன் வேலை செய்யும் முறையில் விடை இருக்கிறது. இசைத்தட்டின் வரிப்பள்ளம் ஒலியைப் பற்றிய குறிப்பு அல்ல; ஒலி காற்றை அசைத்த அதே அசைவின் உருவம். ஓங்கிய ஒலிக்குப் பள்ளம் அகலமாக அலைகிறது. கீச்சுக் குரலுக்கு அலைகள் நெருங்குகின்றன. சுழலும் தட்டின் மேல் ஒரு காகிதக் கூம்பின் முனையில் குத்திய குண்டூசியை வைத்தால் போதும், மின்சாரமே இல்லாமல் பாட்டு மெலிதாகக் கேட்கும். 1982இல் சந்தைக்கு வந்த குறுந்தட்டு அப்படிப்பட்டதல்ல. அதில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 இரும எண்களாகி, பிழை திருத்தும் கணக்குகள் கலக்கப்பட்டு, மீண்டும் வேறொரு குறிமுறைக்கு மாற்றப்பட்டுக் குழிகளாகப் பதிகிறது. குழிகளை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் அங்கே அலை தெரியாது. குறிமுறையை வகுத்தவர்களின் உடன்படிக்கையை அறியாமல் உள்ளே நுழைய வழியில்லை. வரிப்பள்ளமோ தொட்டால் பேசிவிடும் என்ற நம்பிக்கையைத் தருகிறது. ரே பிராட்பரியின் செவ்வாய்க் கதைகளில், 1950இல் வந்த நூலின் தொடக்கப் பகுதியிலேயே, செவ்வாய்வாசி ஒருவர் எழுத்துகள் புடைத்து நிற்கும் உலோகப் புத்தகத்தை யாழ் மீட்டுவதுபோல விரலால் வருட, பழங்காலக் குரல் ஒன்று பாட எழுகிறது. முள்ளும் இல்லை, பெட்டியும் இல்லை, கையே முள். இடையில் எந்த உடன்படிக்கையும் தேவைப்படாத வாசிப்பு என்னும் கனவு இதைவிடத் தெளிவாக எழுதப்பட்டதில்லை.

அந்தக் கனவை எல்லைவரை கொண்டுசென்றால், மனிதர் திட்டமிட்டுப் பதிவு செய்யாத இடங்களிலும் பள்ளங்கள் இருக்கவேண்டும். சொல்லப்பட்ட ஒவ்வொரு சொல்லும் காற்றின் துகள்களில் அழியாமல் பதிந்திருக்கிறது என்று சார்ல்ஸ் பாபேஜ் 1837லேயே எழுதினார். அந்த எண்ணத்தின் கதை வடிவம் போல, சாலமோ ஃப்ரீட்லேண்டர் மைனோனா என்ற புனைபெயரில் 1916இல் ஒரு ஜெர்மன் கதை எழுதினார். அதில் ஒரு பேராசிரியர் வைமர் நகரில் கெதேயின் எலும்புக்கூட்டிலிருந்து குரல்வளையின் வடிவத்தை மீட்டெடுத்து, கெதேயின் அறையில் இன்னும் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும் அலைகளை அதன்வழியே போனோகிராபில் பிடிக்கிறார். இத்தனையும் கெதேயின் குரலைக் கேட்க ஆசைப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்காக. அவள் குரலைக் கேட்டதும் குரலையே காதலிக்கத் தொடங்குகிறாள். பேராசிரியர் பொறாமையில் கருவியை ரயிலின் அடியில் எறிகிறார். சோதனை வென்றது. ஆனால் கதையைத் தீர்மானித்தது பதிவின் வெற்றியல்ல, கேட்ட மனத்தின் விருப்பம்.

1969இல் ரிச்சர்ட் வுட்பிரிட்ஜ் என்பவர் அமெரிக்க மின்பொறியியல் இதழ் ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில், குயவரின் சக்கரத்தில் சுழன்ற பானையின் மேல்வரிகளிலிருந்து சக்கரத்தின் இரைச்சலைத் தாம் கேட்டதாகவும், ஓர் ஓவியத்தின் தூரிகைக் கோட்டிலிருந்து 'நீலம்' என்ற சொல்லைக்கூடப் பிரித்தெடுத்ததாகவும் சொன்னார். எந்தப் பழம்பானையிலிருந்தும் மனிதக் குரல் உறுதியாக மீட்கப்பட்டதில்லை. ஆனாலும் இந்தக் கருத்து புனைகதைக்கு வளமான நிலமானது. கிரகரி பென்ஃபோர்ட் 1979இல் எழுதிய சிறுகதையில் இடைக்காலப் பானை ஒன்றிலிருந்து உண்மையாகவே குரல் வருகிறது. ஆராய்ச்சியாளர் எதிர்பார்த்தது வரலாற்றின் சாட்சியம். கிடைத்தது வேலைக்கிடையே நடந்த சாதாரணப் பேச்சு. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அதன் நேர்மை. கடந்த காலத்தின் மக்கள் நம்மை நோக்கிப் பேசிக்கொண்டிருக்கவில்லை என்பதை அது மறைக்கவில்லை. நமக்காகவே காத்திருக்கும் ஒலி என்பது கேட்பவரின் கற்பனை.

ஒலி முழுமையாகக் கிடைத்தும் பொருள் கிடைக்காமல் போவதை மிகக் கொடூரமாகக் காட்டியவர் ஜே. ஜி. பாலார்ட். அவருடைய 1958ஆம் ஆண்டுச் சிறுகதையான 'பன்னிரண்டாம் தடம்' இரண்டே பேரைக் கொண்டது. ஷெரிங்ஹாம் என்ற பேராசிரியர், மிக நுண்ணிய ஒலிகளைப் பதிந்து பல மடங்கு பெருக்கிக் கேட்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர். தன் மனைவியோடு உறவு வைத்திருக்கும் மாக்ஸ்டெட் என்பவரை அழைத்து, மது கொடுத்து, தட்டுகளைப் போட்டுக்காட்டி, இது என்ன ஒலி என்று கேட்கிறார். ஊசி விழும் ஓசைகூட அங்கே பேரிடியாகிறது; மாக்ஸ்டெட்டால் ஒன்றையும் அடையாளம் காண முடிவதில்லை. மதுவில் கலந்த நஞ்சு அவருடைய உடலுக்குள்ளேயே நீர் கோத்து மூழ்கடிக்கிறது. கடைசித் தடத்தில் பெருகி எழும் அந்தக் கடலோசை போன்ற ஒலி அவர் கொடுத்த முத்தம்தான். வரிப்பள்ளத்தில் குறை எதுவும் இல்லை. மனிதக் காது பிடிக்கும் அளவைவிட மிகுதியாகவே அது தருகிறது. ஆயினும் தன்னுடைய செயலின் ஒலியையே, சூழல் நீக்கப்பட்டதும், செய்தவரால் அறிய முடியவில்லை. தன் முத்தத்தையே அடையாளம் காணாத காதுக்கு, வேறு கோளின் முத்தம் என்னவாகக் கேட்கும் என்பதே இக்கதை எழுப்பும் கேள்வி என்று நான் வாசிக்கிறேன்.

இந்த இடத்தில், வேற்றுக்கோளத்தவர் யாரேனும் கேட்கக்கூடும் என்று விண்ணுக்கு அனுப்பப்பட்ட வாயேஜர் தட்டுக்கு வரவேண்டும். அது புனைகதை அல்லவே, அதுவும் வினைலில் செய்ததல்லவே என்று ஒருவர் மறுக்கலாம். இரண்டும் உண்மை. 1977 ஆகஸ்ட் 20இலும் செப்டம்பர் 5இலும் ஏவப்பட்ட இரண்டு விண்கலங்களிலும் பொருத்தப்பட்டது தங்க முலாம் பூசிய 12 அங்குலச் செம்புத் தட்டு. ஆனால் வரிப்பள்ளத்தின் தர்க்கம் வினைலுக்கும் செம்புக்கும் பழைய அரக்குத் தட்டுக்கும் ஒன்றே. நான் பேசிக்கொண்டிருப்பது அந்தத் தர்க்கத்தைப் பற்றி. புனைகதையா என்ற கேள்விக்கு என் பதில் இன்னும் அழுத்தமானது. யாரென்றே தெரியாத, இருக்கிறார்களா என்றும் தெரியாத கேட்பவரை நினைத்து, அவர்களுடைய புலன்களையும் கருவிகளையும் அறிவையும் ஊகித்து எழுதப்பட்ட எதுவும் அறிவியல் புனைகதையின் வேலையையே செய்கிறது. தட்டை உருவாக்கிய குழுவை நடத்திய வானியலாளர் கார்ல் சேகன் சிறுவயதில் எட்கர் ரைஸ் பரோஸின் செவ்வாய் நாவல்களில் மூழ்கியவர். வடிவமைப்பில் முக்கியப் பங்காற்றிய ஜான் லாம்பர்க் விண்வெளி ஓவியர். அவர்கள் கதையை எழுதாமல் பொருளாகச் செய்தார்கள். எடிசனின் கருவிக்கு நூறு ஆண்டு நிறைந்த அதே ஆண்டில், வில்லியேவின் தங்கப் போனோகிராபுகளைத் தெரிந்தோ தெரியாமலோ விண்ணுக்கு அனுப்பினார்கள்.

தட்டின் உறையைப் பார்த்தால் கேட்பவரைப் பற்றிய ஊகம் எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டது என்று தெரியும். முள்ளும் அதைத் தாங்கும் பகுதியும் கலத்தோடே வைக்கப்பட்டன. முள்ளை எங்கே வைப்பது என்பதற்குப் படம். ஒரு சுற்றுக்கு 3.6 நொடி, அதாவது நிமிடத்துக்கு 16⅔ சுற்று. ஆனால் நொடி என்பது பூமிக்கு வெளியே பொருளற்றது என்பதால், ஹைட்ரஜன் அணுவின் அடிப்படை மாற்றம் ஒன்றின் கால அளவை அலகாகக் கொண்டு அந்த வேகம் குறிக்கப்பட்டது. சூரியன் இருக்குமிடத்தைக் காட்ட 14 பல்சர்களை வைத்து ஒரு வரைபடம். எப்போது அனுப்பப்பட்டது என்பதை அறிய, சிதைவதைக் கொண்டு காலத்தைக் கணக்கிடக்கூடிய யுரேனியம்-238 பூச்சு. உள்ளே 55 மொழிகளில் வாழ்த்துகள், ஏறத்தாழ 90 நிமிட இசை, அதே பள்ளங்களில் அலையாக மாற்றிப் பதித்த 100க்கும் மேற்பட்ட படங்கள். படங்களைச் சரியாக எடுத்தோமா என்று கேட்பவர் தெரிந்துகொள்ள முதல் படமாக ஒரு வட்டம். அது வட்டமாக வந்தால் வழி சரி. மனிதர் செய்த பொருள்களிலேயே கேட்பவருக்கு இத்தனை மரியாதை காட்டிய இன்னொன்றைச் சொல்வது கடினம்.

அப்படியிருந்தும் பள்ளம் சுமக்காதவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கவேண்டும். உலகத்தின் சார்பில் வாழ்த்துச் சொல்லும் முதல் குரல் அப்போதைய ஐ.நா. பொதுச்செயலர் குர்ட் வால்ட்ஹைமுடையது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படையில் பால்கன் பகுதியில் பணியாற்றியதை அவர் மறைத்திருந்தார் என்பது 1986இல் வெளிவந்தது. அந்தக் குரலின் பண்பட்ட அமைதியில் இதில் ஒரு துளியும் கேட்காது. வாழ்த்துகளில் சுமேரியமும் அக்காடியமும் ஹிட்டைட்டும் இருக்கின்றன. பல நூற்றாண்டுகளாக எந்தத் தாயும் குழந்தையிடம் பேசாத மொழிகள். கேட்பவருக்கு அவற்றுக்கும் இன்று கோடிக்கணக்கானோர் பேசும் மொழிகளுக்கும் வேறுபாடு தெரிய வழியே இல்லை. தென் சீனத்தின் அமோய் மொழியில் பேசியவர், விண்வெளி நண்பர்களைச் சாப்பிட்டாயிற்றா என்று விசாரிக்கிறார். வந்தவரிடம் முதலில் இதைக் கேட்கும் வழக்கமுள்ள நமக்கு அதன் இதம் உடனே புரிகிறது, வாய் இருக்கிறதா என்றே தெரியாதவர்களுக்கு அது வெறும் ஒலி. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் தட்டில் உண்டு, தமிழ் இல்லை. இதில் உள்நோக்கம் தேட வேண்டியதில்லை. குரல்கள் பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழகச் சூழலில், குறுகிய காலத்தில், அகப்பட்டவர்களைக் கொண்டு திரட்டப்பட்டவை. ஆனால் தட்டைக் கேட்பவர் இந்த 55ஐ ஒரு கோளின் ஒழுங்கான தொகுப்பாகவே எடுத்துக்கொள்வார். விடுபட்டவை விடுபட்டன என்பதைப் பதிவு சொல்லாது.

இசைப் பகுதியில் இந்தியாவிலிருந்து சென்றது கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவி. அவர் வாயேஜர்-1 கிளம்பிய 11ஆம் நாள், 1977 செப்டம்பர் 16 அன்று, காலமானார். அந்தப் பாட்டு சுமார் மூன்றரை நிமிடம். ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரிக்கக்கூடிய மரபில் வந்தவர் ஏன் மூன்றரை நிமிடத்தில் நிறுத்தினார் என்பதற்கு அழகியல் காரணம் இல்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் இடம். நம்முடைய கீர்த்தனைகளும் நாடகப் பாடல்களும் கிராமபோன் காலத்தில் அதே கத்திரிக்குள் அடங்கிப் பழகியவைதாம். தங்கத் தட்டில் இடம் தாராளம். ஆனால் பழைய தட்டின் எல்லை அதற்குள்ளும் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. கேட்பவர் இதைப் பாடும் கலையின் இலக்கணம் என்று நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

வாயேஜர் தட்டைக் கதைக்குள் கொண்டுவந்தவற்றில் ஜான் கார்ப்பென்டரின் 'ஸ்டார்மேன்' (1984) இந்தச் சிக்கலை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறது. வேற்றுக்கோளத்தவர் தட்டைக் கேட்டு, அழைப்பை ஏற்று, ஒரு தூதரை அனுப்புகிறார்கள். அமெரிக்கப் படை அவருடைய கலத்தைச் சுட்டு வீழ்த்துகிறது. உயிர் தப்பியவர் இறந்துபோன ஒரு மனிதரின் உருவை எடுத்துக்கொண்டு, தட்டில் கேட்ட வாழ்த்துகளையும் பாட்டின் வரியையும் அப்படியே திருப்பிச் சொல்கிறார். திரைப்படத் தட்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒலிக்கிறது. உண்மைத் தட்டில் அது இல்லை. அந்த மாற்றம் பெரிதல்ல. பெரிது வேறொன்று: இங்கே கேட்பவர் தவறவில்லை. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டார். அழைத்தவர்கள்தாம் தங்கள் சொல்லுக்குத் தயாராக இல்லை. பதிவு கேட்பவரைச் சோதிக்கிறது என்ற என் வாதத்துக்கு இது ஒரு திருத்தம் போலத் தோன்றலாம். நான் அதை நீட்சியாகவே பார்க்கிறேன். முழுமையாக நம்பிக் கேட்கும் ஒருவர் வந்து நின்றவுடன், சோதனை பேசியவர் பக்கம் திரும்புகிறது.

இந்த வாதத்துக்கு வலுவான எதிர்ப்பு தொழில்நுட்பத்திலிருந்தே வரும். வரிப்பள்ளம் உடன்படிக்கை தேவைப்படாத உருவம் என்பது மிகை. எந்த வேகத்தில், எந்தத் திசையில் என்பதெல்லாம் வழக்கம்தானே? அதற்கும் மேலே, 1950களின் நடுவிலிருந்து நெட்டிசைத்தட்டுகளை வெட்டும்போது கீழ்ச்சுருதி ஒலிகளைக் குறைத்து மேற்சுருதி ஒலிகளைக் கூட்டிப் பதிந்து, ஒலிக்கும்போது கருவி அதைத் தலைகீழாகச் சரிசெய்வது பொதுவிதியாகிவிட்டது. அந்த விதி தெரியாதவர் முள்ளை வைத்தால் கனமற்ற, கீச்சிடும் இசையைத்தான் கேட்பார். வாயேஜர் படங்களோ முற்றிலும் குறிமுறையைச் சார்ந்தவை. இந்த எதிர்ப்பை நான் ஏற்கிறேன். ஆனால் அது வேறுபாட்டை அழித்துவிடவில்லை. தவறான வேகத்தில் சுழன்ற தட்டு தவறாக ஒலிக்கும், ஆனால் ஒலிக்கும். தவறாக விளக்கப்பட்ட எண்கோவை இரைச்சலாகிவிடும். பிழையோடாவது கிடைப்பதற்கும் கிடைக்காமலே போவதற்கும் உள்ள தூரம் சிறிதல்ல. டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் 1979இல் வெளியிட்ட 'கோடெல், எஷர், பாக்' நூலில் விண்ணில் மிதக்கும் ஒரு பாக் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு, செய்தியை மூன்று அடுக்காகப் பிரிக்கிறார்: இது ஒரு செய்தி என்று அறிவிக்கும் சட்டகம், எப்படித் திறப்பது என்ற புறச்செய்தி, உள்ளே இருக்கும் அகச்செய்தி. வழவழப்பான வட்டத்தில் சுருண்டு செல்லும் நுண்ணிய பள்ளத்தைக் காணும் எவரும் இது இயற்கையாக விளைந்ததல்ல என்று உணர்வார். முதல் அடுக்கில் தட்டு ஏறக்குறையத் தோற்பதில்லை. இரண்டாவதில் தடுமாறும். மூன்றாவதில் கேட்பவரின் வாழ்க்கையை நம்பி நிற்கும்.

ஸ்தானிஸ்லாவ் லெம் 1968இல் எழுதிய நாவலின் பெயரே இந்தச் சிக்கலைத் தாங்கி நிற்கிறது. 'எஜமானரின் குரல்' என்ற அந்தத் தலைப்பு, கிராமபோன் குழலின் முன் நாய் அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற சின்னத்தைச் சுட்டுவது. நம் வீடுகளிலும் பல தலைமுறைக்கு அறிமுகமான படம் அது. விண்ணிலிருந்து மீண்டும் மீண்டும் வரும் ஒரு சமிக்ஞையைப் பாலைவனத்தில் கூடிய விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். ஒரு துண்டைக் கொண்டு விந்தையான ஒரு பொருளைக்கூடச் செய்துவிடுகிறார்கள். முழுச் செய்தி என்னவென்று ஒருபோதும் தெரிவதில்லை. தாங்கள் தேடியதையே அதில் கண்டார்களோ என்ற ஐயம் மிஞ்சுகிறது. அந்த நாய் குரலைக் கேட்கிறது, அடையாளமும் காண்கிறது, சொற்கள் மட்டும் எட்டவில்லை. விஞ்ஞானிகளுக்கு அந்த அடையாளம்கூடக் கிடைக்கவில்லை. சேகனின் நம்பிக்கைக்கு லெம்மின் அவநம்பிக்கை நேரெதிர் என்றே பலரும் சொல்வார்கள். முதல் அடுக்கு சென்றுசேரும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை என்பதே என் கணிப்பு. மூன்றாவது சேருமா என்பதில்தான் பிரிகிறார்கள்.

இனி ஏக்கம் என்ற பதிலுக்குத் திரும்பலாம், ஏனென்றால் அதற்கு இன்று புதிய வலு கிடைத்திருக்கிறது. 2020இல் அமெரிக்காவில் வினைல் தட்டுகளின் விற்பனை வருவாய் 1986க்குப் பிறகு முதன்முறையாகக் குறுந்தட்டை மிஞ்சியது. எதிர்காலப் படங்களில் தட்டு வெறும் அலங்காரமாக நிற்பதும் கூடியிருக்கிறது. ஆனால் தட்டுக்கு உண்மையான வேலை தந்த படைப்புகளில் ஏக்கமே விசாரணைக்கு உள்ளாகிறது. ஜோசப் கோசின்ஸ்கியின் 'ஒப்லிவியன்' (2013) படத்தில் நாயகன் பாழான பூமியின் ஏரிக்கரையில் ஒரு குடில் கட்டி, பழைய தட்டுகளைச் சேர்த்துக் கேட்கிறான். அந்தக் காலத்தில் அவன் வாழ்ந்ததே இல்லை. அவன் ஒரு நகல், அவனைப் போன்ற நகல்கள் பல. அப்படியானால் அந்தப் பாட்டைக் கேட்டு நெகிழ்வது யார்? பிலிப் கே. டிக் இன்னும் ஆழமாக வெட்டினார். பெர்க்லியில் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர் அவர். அவருடைய 1974ஆம் ஆண்டு நாவலில், கோடிக்கணக்கானோர் அறிந்த பாடகர் டாவர்னர் ஒருநாள் தன்னை யாருமே அறியாத உலகில் விழிக்கிறார். ஒரு வீட்டில் தன் பெயரும் படமும் அச்சிட்ட தட்டுகளைக் கண்டு, இதோ ஆதாரம் என்று ஓடவிடுகிறார். முள்ளின் கரகரப்பு மட்டுமே வருகிறது, பாட்டு இல்லை. பிறகு உலகம் அவரை மீண்டும் அறியத் தொடங்கும்போதுதான் பொது இடத்து இசைப்பெட்டியில் அவர் பாட்டும் இருக்கிறது. கேட்பவர்கள் இல்லாத இடத்தில் பதிவும் இல்லை என்பதை உருவகமாகச் சொல்லாமல் நிகழ்ச்சியாகவே நடத்திக்காட்டிய நாவல் அது.

கடைசியாக, புனைகதையை விடவும் வியப்பான ஓர் உண்மைச் சான்று. பாரிஸில் எதுவார்-லெயோன் ஸ்காட் 1860 ஏப்ரல் 9 அன்று ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாடலைப் பாடி, புகைக்கரி படிந்த தாளில் அதன் அலையை வரைந்துகொண்டார். மீண்டும் ஒலிக்கச் செய்யும் எண்ணமே அவருக்கு இல்லை; குரலின் கோட்டைக் கண்ணால் பார்ப்பதே நோக்கம். 2008இல் ஒலி வரலாற்று ஆய்வாளர்கள் அந்தத் தாளைப் படமெடுத்து, கணினியின் வழியே ஒலிக்கச் செய்தார்கள். பத்து நொடி, சிறுமி ஒருத்தி பாடுவதுபோன்ற குரல். உலகெங்கும் கேட்டவர்கள், 148 ஆண்டுக்கு முந்தைய பெண்குழந்தையின் குரல் இது என்று நெகிழ்ந்தார்கள். கால அளவுக்காகப் பாட்டோடு சேர்த்து வரையப்பட்டிருந்த இசைக்கவையின் அதிர்வுகளைத் தவறாகக் கணக்கிட்டுவிட்டது மறு ஆண்டில் தெரியவந்தது. வேகத்தைப் பாதியாக்கியபோது சிறுமி மறைந்து, நிதானமாக இழுத்துப் பாடும் ஓர் ஆண், பெரும்பாலும் ஸ்காட்டே, வெளிப்பட்டார். அந்நியக் காது எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான மாதிரி இல்லை. வேகத்தைச் சொல்லும் குறிப்பு பதிவிலேயே இருந்தது, திறமையானவர்கள் அதைப் படித்தார்கள், ஒரு கணக்கு தவறியது, இல்லாத ஒரு குழந்தை ஓராண்டு பாடினாள். ஆனாலும், ஒரு மனிதக் குரல் அங்கே இருந்தது என்பதில் முதல் நாளிலேயே எவரும் தவறவில்லை. தட்டைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் முழுப் புரிதலையோ முழுத் தோல்வியையோ முடிவாக வைக்கின்றன. இரண்டுக்கும் நடுவே கிடந்த அந்த ஓராண்டை, தவறான வேகத்தில் சரியாக நெகிழ்ந்த அந்தக் காதுகளை எழுதுவதற்கு அறிவியல் புனைகதையில் இன்னும் நிறைய இடமிருக்கிறது.